மழைக்கு முன் நான்கு சில்லு: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசியும் டயரைப் பற்றியவை. புரட்டாதி முடிந்தால் மழை என்பது வன்னியில் வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பற்றரி, ஏசி, எஞ்சின் ஒயில் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு டயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாங்குளத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும்?" என்பதுதான். பணம் கொடுப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நனைந்த தாரில் மாடு குறுக்கே படுத்திருந்தால் இந்த டயர் எத்தனை மீற்றரில் வண்டியை நிறுத்தும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஏ9 வீதியில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். வயல் நனைந்துவிட்டால் மாடுகளுக்குத் தார் வீதிதான் காய்ந்த படுக்கை.

கேள்வி: ஐயா, நான் மல்லாவியில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியை. 2015 ஆம் ஆண்டு வேகன் ஆர் வைத்திருக்கிறேன். பாதித் தூரம் தார், மீதி கிரவல். நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. கடைக்காரர், "ஒரு சைஸ் பெரிதாக 165 போடுங்கள், வண்டி உயரும், கிடங்குகளில் அடிபடாது" என்கிறார். போடலாமா? ஜப்பான், தாய்லாந்து, இந்தியா, சீனா, உள்ளூர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: ரீச்சர், முதலில் அளவைப் பார்ப்போம். உங்கள் டயரின் பக்கச்சுவரில் 155/65ஆர்14 75எஸ் என்று பொறித்திருக்கும். 155 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்றால் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச்சுவரின் உயரம், ஏறத்தாழ 101 மில்லிமீற்றர். ஆர் என்பது ரேடியல், டயரின் உட்கட்டமைப்பு வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 75 என்பது சுமைச் சுட்டெண், ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்று அர்த்தம். எஸ் என்ற எழுத்து 180 கிலோமீற்றர் வேகம் வரைக்குமான அனுமதி. அதிவேக நெடுஞ்சாலை தவிர்ந்த நமது வீதிகளில் காருக்கு உச்சவரம்பு 70 என்பதால் அந்த எழுத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கடைக்காரர் சொல்லும் 165/65ஆர்14 போட்டால் சில்லின் முழு விட்டம் 557 மில்லிமீற்றரில் இருந்து 570 ஆகும். வண்டி உயர்வது அதில் பாதிதான், ஆறரை மில்லிமீற்றர். அந்த ஆறரைக்காக நீங்கள் இழப்பதைப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் சில்லு மட்காட்டில் உரசக்கூடும், சேறு அப்பியிருந்தால் நிச்சயம் உரசும். வேகமானி 70 காட்டும்போது உண்மையில் 71.6 இல் போய்க்கொண்டிருப்பீர்கள். 660 சிசி எஞ்சின் பெரிய சில்லை உருட்டக் கூடுதலாக உழைக்கும், பெற்றோல் செலவு ஏறும். ஆகவே 155/65ஆர்14 ஐயே வாங்குங்கள். சுமைச் சுட்டெண் 75 க்குக் குறையவே கூடாது.

நாட்டைப் பார்த்து டயர் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பான் பெயருள்ள பிரிட்ஜ்ஸ்டோன் டயர் தாய்லாந்தில் இருந்து வருகிறது. பிரான்ஸ் பெயருள்ள மிஷெலினும் தாய்லாந்தில் இருந்து வருகிறது. இந்தியப் பெயருள்ள சியற் நம் களனியிலேயே தயாராகிறது. நீங்கள் கேட்க வேண்டியது ஈரப்பிடிப்பு, அதாவது நனைந்த வீதியை டயர் எவ்வளவு பற்றிப் பிடிக்கும் என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுக் கார் டயர்களுக்கு ஒரு சுட்டி (லேபல்) ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். 2021 மே மாதத்தில் இருந்து அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள் உள்ளன, ஏ தான் மேல்படி. ஒரு பக்கத்தில் எரிபொருள் சிக்கனம், இன்னொரு பக்கத்தில் மழைமேகம் வரைந்த ஈரப்பிடிப்பு. 80 கிலோமீற்றர் வேகத்தில் போகும் காரை நனைந்த வீதியில் நிறுத்தும்போது, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறத்தாழ 3 முதல் 6 மீற்றர் வித்தியாசம் வரும். ஒரு மாட்டின் நீளம் இரண்டு மீற்றர்தான். நம் கடைகளுக்கு வரும் டயர் எல்லாவற்றிலும் அந்தச் சுட்டி இருக்காது. இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் டயரின் பெயரையும் அளவையும் கைப்பேசியில் தேடிப் பாருங்கள்.

எரிபொருள் சிக்கன டயர் என்று விற்கும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நல்ல சிக்கன டயரில் சிலிக்கா கலந்த ரப்பர் இருக்கும். அது இலகுவாக உருளும், ஈரத்திலும் பிடிக்கும். மலிவான சிக்கன டயர் சிலவற்றில் உருளுவதற்காக ரப்பரைக் கடினமாக்கியிருப்பார்கள். வெயிலில் ஒரு குறையும் தெரியாது. முதல் மழையில் பிரேக்கை அழுத்தும்போதுதான் தெரியும். உங்கள் ஓட்டத்துக்கு ஈரப்பிடிப்பில் ஏ அல்லது பி படி பெற்ற சாதாரண பயண டயர் பொருந்தும். சிக்கனத்தில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை.

வாங்கிய பிறகு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் சில்லையும் பின் சில்லையும் இடம் மாற்றுங்கள். வேகன் ஆரில் இழுப்பதும் திரும்புவதும் முன் சில்லுகள், பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றின் மேல்தான். மாற்றாமல் விட்டால் முன்னால் மொட்டையாகிவிடும், பின்னால் புதிதாக இருக்கும்.

கேள்வி: அண்ணை, ஒட்டுசுட்டானில் மரக்கறித் தோட்டம் செய்கிறேன். ஓல்ட்டோ 800 கார். இந்த மாதம் இரண்டு டயர் வாங்கத்தான் கையில் காசு இருக்கிறது. முன்னுக்குப் போடுவதா, பின்னுக்குப் போடுவதா?

பதில்: பின்னுக்குப் போடுங்கள், தம்பி. கடையில் பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் முன்னுக்கு என்பார்கள். இழுக்கும் சில்லு, திரும்பும் சில்லு, அதற்குத்தானே புதியது வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையில் நடப்பது வேறு.

முன் சில்லு வழுக்கினால் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். வண்டி நேரே போகப் பார்க்கும், நீங்கள் அக்சிலேற்றரை விடுவீர்கள், வேகம் குறைந்ததும் பிடிப்புத் திரும்பும். பின் சில்லு வழுக்கினால் முன்னறிவிப்பே கிடையாது. வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும். அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் அதை மீட்டெடுப்பது கடினம். டயர்க் கம்பனிகளும் இதையேதான் சொல்கின்றன: முன் இழுவையோ பின் இழுவையோ, இரண்டு மட்டும் மாற்றுவதென்றால் புதியவை பின்னால் போக வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. முன்னுக்குப் போகும் பழைய இரண்டும் ஓடத்தக்க நிலையில் இருக்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். புதுக் கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். ஓடும் பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்துவிட்டது என்று பொருள். நான் மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பேன், 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுங்கள். வாய்க்கால் தூர்ந்துபோன வயலில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்குவது போலத்தான், பள்ளம் ஆழம் குறைந்த டயருக்கு முன்னால் தண்ணீர் ஒதுங்க வழியில்லாமல் நிற்கும், சில்லு அதன் மேல் ஏறி மிதக்கும். அந்த நேரம் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் வன்னிக்குள் டயர் கிடைப்பது அரிது. ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் கன்வஸ் தெரியும்வரை ஓட்டிய தலைமுறை நாங்கள். அன்று வேறு வழியிருக்கவில்லை, வீதியும் வேகத்தை அனுமதிக்கவில்லை. இன்று ஏ9 வழுவழுப்பாக இருக்கிறது, பழக்கம் மட்டும் பழையதாகவே இருக்கிறது. உங்கள் அப்பா அந்த டயரில் 20 கிலோமீற்றர் வேகத்தில் போனார். நீங்கள் 70 இல் போகிறீர்கள்.

கேள்வி: அண்ணா, வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். சுவிப்ட் ஸ்போர்ட் (இசட்சி32எஸ்) வைத்திருக்கிறேன். 195/45ஆர்17 டயர். வேலைக்குப் போவதும் அதில்தான், மாதம் ஒருமுறை கொழும்பு, இடையிடையே யாழ்ப்பாணம். கட்டுக்குருந்தப் பந்தயப் பாதையில் ஓடும் நண்பர்கள் யோகோஹாமா நியோவா போடச் சொல்கிறார்கள். வேறு சிலர் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் என்கிறார்கள். வீட்டில், "எந்த டயரும் டயர்தான், மலிவானதைப் போடு" என்கிறார்கள். உங்கள் முடிவு?

பதில்: தம்பி, உங்கள் கேள்விதான் இம்மாதம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நல்ல கார், நல்ல சேசிஸ். அதில் மலிவான டயரைப் போடுவது அந்தக் காரைச் செய்தவர்களின் உழைப்பை வீணாக்குவது. வீட்டாரின் கருத்தை இந்த ஓர் இடத்தில் நான் ஏற்க மாட்டேன்.

இனி நண்பர்களின் கருத்து. அமெரிக்க முறைப்படி டயரின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்று இருக்கும், அதோடு பிடிப்புக்கும் வெப்பத்துக்கும் எழுத்துகள். தேய்மானச் சோதனைக்கு ஒப்பீடாக வைக்கும் டயரின் எண் 100. நியோவா ஏடி08ஆர் டயரின் எண் 180. பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரின் எண் 300. சாதாரண பயண டயர்கள் பல 400 க்கு மேல். எண் கூடினால் ஆயுள் கூடும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துத் தாமே இடுகிறார். ஆகவே ஒரே கம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிடும்போது அதை நம்பலாம், இரண்டு கம்பனிகளை ஒப்பிடும்போது அதன் மேல் முழுப் பாரத்தையும் போட வேண்டாம்.

நியோவா போன்ற 200 க்குக் குறைந்த டயர்கள் பந்தயப் பாதைக்கு மிக நெருங்கியவை. ரப்பர் மிருது. நிலத்தைத் தொடும் பரப்பு அதிகம், தண்ணீர் போகும் பள்ளங்கள் குறைவு. நன்றாகச் சூடேறினால்தான் அவற்றின் உண்மையான பிடிப்பு வரும். ஓமந்தை தாண்டி நேர் வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது அந்தச் சூடு வராது. கார்த்திகையில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வீதியோரம் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, பள்ளம் குறைந்த அந்த டயர் பாதி தேய்ந்த நிலையில் உங்களைக் கைவிடும். கட்டுக்குருந்தவில் ஓடும் நண்பர்களுக்கு அது சரியான டயர்தான். அவர்கள் ஓடும் பாதையில் மாடு இல்லை, கிடங்கு இல்லை, மழை கொட்டினால் ஓட்டத்தை நிறுத்திவிடலாம்.

உங்களுக்கு வேண்டியது வீதிக்கென்று செய்த ஸ்போர்ட் டயர். பைலட் ஸ்போர்ட் குடும்பம், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சாவின் வீதி வகைகள், கொன்டினென்டல் ஸ்போர்ட்கொன்டாக்ட், யோகோஹாமா அட்வான் பிளேவா எல்லாம் அந்த வரிசை. இவற்றில் உங்கள் அளவில் எது கிடைக்கிறதோ, எதன் உற்பத்தித் திகதி புதியதோ, அதை எடுங்கள். இந்த வரிசைக்குள் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் சிறியது. இந்த வரிசைக்கும் மலிவு டயருக்கும் உள்ள வித்தியாசம் நனைந்த வீதியில் காரின் நீளங்களில் அளக்க வேண்டியது. ஜெர்மனியின் ஏடிஏசி என்ற வாகன ஓட்டுநர் கழகம் ஆண்டுதோறும் டயர்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. ஜெர்மனியில் உங்கள் உறவுக்காரர் யாராவது இருந்தால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் பெயரை விட எனக்குக் கவலை தரும் எண் அந்த 45. உங்கள் பக்கச்சுவரின் உயரம் 88 மில்லிமீற்றருக்கும் குறைவு. தார் முடிந்து கிரவல் தொடங்கும் விளிம்பில், பாலத்தின் தொடக்கத்தில், ஒரு கிடங்கில் வேகமாக இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். வெளியே காயம் தெரியாது. சில நாட்களில் பக்கச்சுவரில் ஒரு வீக்கம் வரும். அதைத் தடவிப் பார்த்தால் மெத்தென்று இருக்கும், அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர் மட்டுமே. அப்படிப்பட்ட டயரை ஒட்டவோ சரிபார்க்கவோ வழியில்லை, கழற்றிப் போட வேண்டியதுதான்.

ஆகவே என் முடிவு இது. 17 அங்குல ரிம்மைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, சாதாரண சுவிப்டில் வரும் 16 அங்குல ரிம்மைத் தேடுங்கள். அதில் 185/55ஆர்16 போடலாம். முழு விட்டம் 610 மில்லிமீற்றர், உங்களுடையது 607. வேகமானியில் வித்தியாசம் உணர முடியாது. பக்கச்சுவர் 102 மில்லிமீற்றராக உயரும். சுமைச் சுட்டெண்ணும் 81 இல் இருந்து 83 ஆகக் கூடும். வாங்குமுன் ஒரு ரிம்மை மாத்திரம் மாட்டிப் பார்த்து, முன் பிரேக் கலிப்பருக்கும் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ரிம்முக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். வளைவில் 17 தரும் கூர்மை கொஞ்சம் குறையும். அதை நான் மறைக்கவில்லை. வவுனியாவில் இருந்து ஓட்டுபவருக்கு அது நல்ல பேரம்.

கேள்வி: புதுக்குடியிருப்பில் கேடிஎச் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா என்று எப்போதும் முழு ஆட்களோடுதான் ஓட்டம். டயர் அளவு 195/80ஆர்15. அதே அளவில் ஜீப் டயர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அளவு ஒன்றுதானே, போட்டால் என்ன? முன்னால் ரீபில்ட் டயர் (தேய்ந்த டயருக்குப் புது மேற்பட்டை ஒட்டியது) போடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். அளவு ஒன்று என்பது பாதி உண்மை. அளவுக்கு அடுத்திருக்கும் எண்ணை வாசியுங்கள். உங்கள் வானுக்கு உரிய டயரில் 107/105எல் என்று இருக்கும். 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். சுசுகி ஜிம்னி ஜீப்புக்கு வரும் 195/80ஆர்15 டயரில் 96எஸ் என்று இருக்கும். 96 என்றால் 710 கிலோ. ஒரு சில்லுக்கு 265 கிலோ குறைவு. வண்டியின் சொந்த எடை, அதற்குள் பதினான்கு பேர், பொங்கல் பானை, அரிசி, கூரையில் பாய் தலையணை. அந்தப் பாரத்தில் பெரும்பகுதி பின் சில்லுகள் இரண்டில் விழுகிறது.

சுமை கூடிய டயர் உடனே வெடிப்பதில்லை, அதுதான் ஆபத்து. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடிந்து மடிந்து நிமிரும். மடியும்போது சூடு பிறக்கும். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் தாரின் சூடும் உள்ளே பிறந்த சூடும் சேர்ந்து ரப்பரையும் நூலிழையையும் பிரித்துவிடும். முல்லைத்தீவு வரைக்கும் தாங்கிய டயர் திரும்பி வரும்போது தாங்க வேண்டும் என்று விதியில்லை.

ரீபில்டைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒழுங்காகச் செய்த ரீபில்ட் நல்ல பொருள். லொறியின் பின் அச்சில், உழவு இயந்திரப் பெட்டியில் தாராளமாகப் போடலாம். விமானத்தின் டயரையே மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பாவிக்கிறார்கள். ஆனால் விமானக் கம்பனி ஒவ்வொரு டயரின் கதையையும் எழுதி வைத்திருக்கும். உங்கள் கைக்கு வரும் ரீபில்டின் உடம்பு யாருடைய லொறியில் எத்தனை வருடம் ஓடியது என்று எவருக்கும் தெரியாது. ஆட்களை ஏற்றும் வானின் முன் சில்லில் அதைப் போடுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன் சில்லில் மேற்பட்டை உரிந்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

கேள்வி: வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்த பிறகு ஜப்பானில் இருந்து வந்த கார் ஒன்றை வாங்கினோம். டயர் நல்ல ஆழமாக, புத்தம் புதிதாக இருக்கிறது. ஆனால் ஓடும்போது கார் மிதப்பது போல இருக்கிறது என்கிறார் மகன். (கிளிநொச்சி)

பதில்: அம்மா, மகன் கவனமான ஓட்டுநர். அது பெரும்பாலும் பனிக்கால டயராக இருக்கும். ஜப்பானின் வடபகுதிகளில் பனி கொட்டும், அங்கே குளிர்காலத்துக்கு வேறு டயர் போடுவார்கள். கார் அந்த நேரத்தில் ஏலத்துக்குப் போனால் அதே டயரோடு கப்பல் ஏறிவிடும். பக்கச்சுவரில் ஸ்டட்லெஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும் பரப்பின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் பிளேட்டால் கீறியது போல நெளிநெளியாக மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் இலகுவாக உள்ளே போகும்.

அந்த ரப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே வேலை செய்யப் படைத்தது. கிளிநொச்சியின் 35 பாகை வெயிலில், அதை விடச் சூடான தாரில், அது குழைந்துவிடும். கட்டைகள் ஆடும், மகன் சொல்லும் மிதப்பு அதுதான். பிரேக் தூரம் கூடும், நனைந்த வீதியிலும் கூடும். ஆழம் இருக்கிறதே என்று மனம் இரங்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. தேய்மானம் குறைவு. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? (நெடுங்கேணி)

பதில்: வாங்காமல் விடுவது நல்லது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள், வெளியே ஓர் இடம், உள்ளே ஓர் இடம்.

வெளியே, பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 4116 என்றிருந்தால் 2016 ஆம் ஆண்டின் 41 ஆவது வாரம் செய்த டயர். ஒரு பக்கத்தில் இந்த நான்கு இலக்கங்கள் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள், பத்து வருடத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் வேண்டாம் என்கிறார்கள். நம் வெயிலில் வெளியே நிற்கும் வண்டிக்கு நான் ஏழு வருடத்தோடு போதும் என்பேன். புது டயருக்கும் இதே சோதனை உண்டு. கடை றாக்கையில் கிடந்தே முதுமையடைந்த டயரைப் புதிய விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். திகதியைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

உள்ளே பார்ப்பது இன்னும் முக்கியம். என் கடையில் ஒரு டயரைக் குறுக்காக அறுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக. வெளியே பார்த்தால் பள்ளம் பாதிக்கு மேல் இருக்கிறது, ஒரு வெடிப்பும் இல்லை, மினுக்கியும் இருக்கிறது. திருப்பி உட்பக்கம் பார்த்தால் பக்கச்சுவரைச் சுற்றி ஒரு விரல் அகலத்தில் சாம்பல் நிற வளையம் ஓடுகிறது. அதில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்புத் தூள் வரும். அது ரப்பர்த் தூள். காற்று இறங்கிய பிறகும் யாரோ அந்த டயரில் கொஞ்சத் தூரம் ஓடியிருக்கிறார், பக்கச்சுவரின் உட்புறம் தன்னைத்தானே அரைத்திருக்கிறது. அந்தத் தூளை ஒரு துணியால் துடைத்துவிட்டால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது, வளையம் மட்டும் மங்கலாக மிஞ்சும். ரிம்மில் ஏற்றிய நிலையில் விற்கும் பாவித்த டயரை வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அந்த வளையம்தான் காரணம்.

கேள்வி: காற்றுக்குப் பதிலாக நைதரசன் அடித்தால் டயர் நீண்ட காலம் உழைக்குமா? (முழங்காவில்)

பதில்: சாதாரண காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தான். இலவசமாக அடித்துத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல அமுக்கமானி வாங்கி டாஷ்போர்ட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: கோடையில் டயர் சூடாகி வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்து ஓடச் சொல்கிறார்கள். சரியா? (கனகராயன்குளம்)

பதில்: மிகப் பெரிய பிழை. இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் கோடையில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை காற்றுக் குறைந்து ஓடியவை. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் கூடுதலாக மடியும், மடிப்புத்தான் சூட்டைப் பிறப்பிக்கிறது. வெயில் அதற்கு மேலே ஏறுகிறது.

சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சுட்டி ஒட்டியிருக்கும். அதில் சொன்ன அளவை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அடியுங்கள். 33 பிஎஸ்ஐ (காற்றமுக்கத்தின் அலகு) அடித்த டயர் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். டயரைச் செய்தவர்கள் அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே ஓடி வந்த சூட்டோடு அளந்துவிட்டுக் கூடியிருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் அது குறைவாகிவிடும்.

தேய்ந்த விதத்தைப் பார்த்தே காற்றைக் கண்டுபிடிக்கலாம். நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூட. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் எலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பிழை, புது டயர் போடுமுன் அதைச் சரிசெய்யாவிட்டால் புதிதும் அதே வழியில் போகும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கிறது. தேங்காய் உடைத்துக் கும்பிட்ட பிறகு வண்டியை ஒருதரம் சுற்றி வந்து நான்கு டயரையும் பாருங்கள். ஒன்றின் பக்கச்சுவர் மற்றவற்றை விடப் பிதுங்கியிருந்தால், அல்லது தொட்டுப் பார்க்கையில் ஒன்று மட்டும் அதிகம் சுட்டால், அங்கிருந்தே காற்றடித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: மன்னார்ப் பக்கம் அடிக்கடி போகிறேன். உடைமுள் ஏறிவிடுகிறது. ரியூப் இல்லாத டயர். உடனே பிடுங்குவதா, விடுவதா? (செட்டிகுளம்)

பதில்: பிடுங்காதீர்கள். முள்ளோ ஆணியோ தானே அடைப்பாக நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். அளந்து பார்த்துக் காற்றடித்து, வேகத்தைக் குறைத்துக் கடை வரைக்கும் வரலாம். கடையில் டயரைக் கழற்றி உள்ளே இருந்து ஒட்டச் சொல்லுங்கள். வெளியே இருந்து திரி செருகுவது அந்த நேரத்துக்கான உதவி. ஓடும் பரப்பின் நடுப்பகுதியில் 6 மில்லிமீற்றர் வரையான துளையை ஒட்டலாம். பக்கச்சுவரில் துளை விழுந்தால் அந்த டயருக்கு வைத்தியம் கிடையாது.

மேலதிகச் சில்லையும் பாருங்கள். பல கார்களில் வரும் ஒல்லியான தற்காலிகச் சில்லுக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் அதில் போகக்கூடாது. ஜப்பான் ஹைபிரிட் கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லே இருக்காது, டிக்கியின் அடியில் ஒரு சிறு காற்றுப் பம்பும் அடைப்புத் திரவப் போத்தலும் மட்டும் இருக்கும். அந்தப் போத்தலுக்கும் காலாவதித் திகதி உண்டு. பறயனாலங்குளம் தாண்டிக் காட்டுக்குள் போகுமுன் அதை எடுத்து வாசியுங்கள்.